குடும்ப விருதும் குடவோலையும்

தந்தை நடுவராய் அமர, தாய் பெயர்களை முன்மொழிய, பிள்ளைகள் ஒருவர்பின் ஒருவராய் எழுந்து பொன்முலாம் பூசிய பாவையொன்றைப் பெற்றுக்கொள்ள, பாட்டி கண்மல்கக் கைதட்டும் விழாவொன்று உறையூரில் ஒரு வீட்டுக் கூடத்தில் நடைபெறுமாயின், வழிப்போவோர் எட்டிப்பார்த்து நகைத்துவிட்டுச் செல்வர். அதே விழா ஆயிரம் விளக்கொளியில், ஆட்டமும் பாட்டுமாகப் பல மணிநேரம் நடந்து, தமிழ்நாட்டு வீட்டுக் கூடந்தோறும் காட்டப்பெறுமாயின் அதற்குத் தொலைக்காட்சி விருது விழா என்று பெயர். சன் தொலைக்காட்சி 2010ஆம் ஆண்டு தொடங்கிய விழாவுக்குச் 'சன் குடும்பம் விருதுகள்' என்றே பெயர் சூட்டியது. விசய் தொலைக்காட்சி 2014இல் தன் பெயராலேயே ஒரு விருதைத் தொடங்கியது. சீ தமிழ் 2018இல் தொடங்கியபோது மீண்டும் அந்தக் 'குடும்பம்' என்னும் சொல்லையே எடுத்துக்கொண்டது. பெயர் வைத்தவர் எவரும் பொய் சொல்லவில்லை. குடும்பம் தன் குடும்பத்துக்குத் தரும் விருதே அது. குடும்ப விழாவின் முடிவை மக்கள் தீர்ப்பென்று அறிவித்து, அதற்காக மக்களின் கைப்பேசியிலிருந்து ஒப்போலை திரட்டும் இடத்திலேயே பொய் தொடங்குகிறது.

வாக்கு என்று பலரும் வழங்கும் ஒப்போலை, தன்னளவில் ஆற்றலற்றது. ஐந்து பெயர்களை நீட்டி, இவற்றுள் ஒன்றைத் தேர்க என்று கேட்பவன், அவ்வைந்தையும் தானே தேர்ந்து முடித்துவிட்டான். ஐந்தும் அவன் அடுக்களையில் வெந்தவை. ஐவரும் அவனிடம் ஊதியம் பெறுவோர். அடுத்த தொலைக்காட்சியின் நெடுந்தொடரில் எவ்வளவு சிறந்த நடிப்பு இருப்பினும் அப்பட்டியலில் அதற்கு இடமில்லை. எவர் வென்றாலும் வெல்பவன் பட்டியலிட்டவனே. ஆதலின் தொலைக்காட்சி விருதுகளைத் திருத்த விரும்புவோர் ஒப்போலை எண்ணும் இடத்திலிருந்து தொடங்கினாற் பயனில்லை. குடத்துக்குள் எவர் பெயர் இடப்பெறுகிறது, இடுபவர் எவர் என்னும் இடத்திலிருந்து தொடங்குதல் வேண்டும்.

சிராப்பள்ளிக் குன்றைச் சுற்றி வாழும் மக்களுக்கு இதனைப் புதிதாகச் சொல்லிக் கொடுக்க வேண்டுவதில்லை. உறந்தை அவையத்தில் அறம் நிலைபெற்று நிற்பது இயல்பாதலின், முறை வழங்குதலைச் சோழனுக்குத் தனிப் புகழாகச் சொல்ல வேண்டியதில்லை என்னும் கருத்துப்பட மாறோக்கத்து நப்பசலையார் புறநானூற்றில் (39) பாடினார். இளையவனாகிய மன்னன் முன் வழக்குரைக்க முதியோர் இருவர் தயங்கியபோது, கரிகாலன் நரைமுடி புனைந்து வந்து தீர்ப்புரைத்தான் என்பதும் வழிவழி வரும் கதை. கதையென்றே கொள்க. ஆயினும் அதனுள் ஓர் அரிய நெறி உண்டு: தீர்ப்பு நேரிதாயிருந்தால் மட்டும் போதாது, தீர்ப்புக் கேட்போர்க்கு நடுவன்மேல் ஐயம் எழவும் கூடாது. அரசனே தன் தோற்றத்தை மாற்றிக்கொண்டு வழக்காடுவோரின் ஐயத்தைப் போக்கினான். இன்றைத் தொலைக்காட்சி முதலாளி தன் தொடரைத் தானே பட்டியலிட்டுத் தானே பரிசளிக்கும் பொழுது நரைமுடி கூடப் புனைவதில்லை.

பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டுத் தேரும் முறையும் தமிழர்க்குப் பழையது. கயிற்றால் பிணித்து இலச்சினையிட்ட குடத்தின் வாயை ஆவண மாக்கள் திறந்து ஓலைகளை வெளியே எடுக்கும் காட்சியை மருதன் இளநாகனார் அகநானூற்றில் (77) உவமையாகக் காட்டினார். எல்லாரும் அறிந்த ஒன்றே உவமையாக வரும். எனவே அம்முறை கழகக் காலத்திலேயே ஊரறிந்த வழக்கமாயிருந்திருத்தல் வேண்டும். அதன் முழு நெறிமுறையையும் முதற் பராந்தகச் சோழன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளுக்குரிய உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் இரண்டிற் காணலாம். அவ்வூர் பார்ப்பனர்க்கு அளிக்கப்பெற்ற ஊர்; அங்கு வேதம் ஓதியவர்க்கே குடத்தில் இடமுண்டு; உழுதவர்க்கும் நெய்தவர்க்கும் இல்லை. அக்குறையை மூடி மறைத்து அதனைக் குடியாட்சியின் பொற்காலம் என்று மேடைதோறும் முழங்குவார் முழங்குக. இங்குக் கருதத்தக்கது வேறு. அக்கல்வெட்டின் பெரும்பகுதி ஓலை எடுப்பதைப் பற்றியதன்று. எவர் பெயரை எழுதலாகாது என்பதைப் பற்றியது.

முப்பத்தைந்து அகவைக்குக் கீழ்ப்பட்டோரும் எழுபதுக்கு மேற்பட்டோரும் ஆகார். கடந்த மூன்றாண்டுகளுள் ஏதேனுமொரு வாரியத்தில் இருந்தோர் ஆகார். வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாதோர் ஆகார். கணக்குக் காட்டாதோருடன் அவர் உறவினரும் ஆகார். உறவினர் எனப் பொதுப்படச் சொல்லிவிடவும் இல்லை. சிற்றன்னை பேரன்னை மக்கள், அத்தை மாமன் மக்கள், தாயுடன் பிறந்தான், தந்தையுடன் பிறந்தான், தன்னுடன் பிறந்தான், பெண் கொடுத்த மாமன், உடன்பிறந்தாளை மணந்தவன், மருமகன், தந்தை, மகன் என ஒவ்வொரு கண்ணியையும் எண்ணி எண்ணிக் கல்லில் வெட்டி வைத்தனர். ஓட்டையொன்றை விட்டுவைத்தால் அதன்வழி எவன் நுழைவான் என்பது அவர்க்குத் தெரிந்திருந்தது. ஊரை முப்பது பிரிவாக்கி ஒவ்வொன்றுக்கும் அவர்கள் இட்ட பெயர் 'குடும்பு'. ஆயிரம் ஆண்டுக்கு முன் குடும்பு என்பது ஒப்போலையின் பிரிவு. குடும்பம் என்பது குடத்திலிருந்து விலக்கப்பட்டது. இன்றோ குடும்பத்திற் பிறவாதவன் பெயரே குடத்துக்குள் போவதில்லை.

ஓலை எடுத்த முறையையும் ஒருமுறை எண்ணிப் பார்த்தல் நன்று. ஊரவை இளையோரும் முதியோருமாக நிறைந்திருக்க, அகவையில் மூத்தவர் ஒருவர் குடத்தை எல்லாரும் காணத் தூக்கிப் பிடிப்பார். உள்ளே இருப்பது இன்னதென்றறியாத சிறுவன் ஒருவனைக் கொண்டு ஓலை எடுப்பிப்பர். அதனைப் பெற்றுக்கொள்ளும் நடுவன் ஐந்து விரல்களையும் அகல விரித்து உள்ளங்கையில் ஏற்றல் வேண்டும். விரலிடுக்கில் வேறோர் ஓலை ஒளிந்திருக்கலாகாது. அவன் படித்தபின் அங்கிருப்போரும் படிப்பர். இன்றைத் தொலைக்காட்சி விருது மேடையிலோ உறை ஒன்றைக் கிழித்து ஒரு பெயரைச் சொல்வர். அவ்வுறைக்குள் அப்பெயர் எவ்வாறு வந்தது, எத்தனை பேர் அப்பெயரைச் சொன்னார், அடுத்து வந்தவர் எத்தனை பெற்றார் என்று கேட்க அவையில் எவரும் இல்லை. விரல்கள் விரியவே இல்லை.

விரல் விரியாத கை எங்குக் கொண்டு சேர்க்கும் என்பதற்குப் பிரித்தானிய நாட்டு நிகழ்ச்சியொன்று சான்றாகும். அங்கு 2005ஆம் ஆண்டு நகைச்சுவை விருது விழாவில் மக்கள் தேர்வு விருது, கேதரின் டேட் என்னும் நடிகையின் நிகழ்ச்சிக்கே கிடைத்திருத்தல் வேண்டும். மிகுதியான ஒப்போலைகளைப் பெற்றது அதுவே. மேடையில் விருது வழங்கப்பட்டதோ ஆன்ட், டெக் என்னும் இருவரின் நிகழ்ச்சிக்கு. அதுமட்டுமன்று. விழாவின் இறுதிப் பகுதி முன்னரே படம்பிடிக்கப்பட்டு முடிவும் சொல்லப்பட்டுவிட்ட பின்னர், அதனை நேரலை என்றெண்ணிய மக்கள் தொலைபேசியில் தொடர்ந்து ஒப்போலை செலுத்திக்கொண்டிருந்தனர். இவ்வுண்மை 2008ஆம் ஆண்டு வெளிப்பட்டது. அதே ஆண்டில், அத்தொலைக்காட்சி நடத்திய வேறு பல தொலைபேசி ஒப்போலை நிகழ்ச்சிகளின் முறைகேட்டுக்காக அந்நாட்டு ஒழுங்காணையம் அந்நிறுவனத்துக்கு 56 இலட்சத்து 75 ஆயிரம் பவுன் ஒறுப்புக் கட்டணம் போட்டது. ஆங்கிலேயனின் மொழியைத் தமிழ் மேடையில் ஏற்றுவதற்கு ஓடும் கால்கள், அவன் நாட்டு ஒழுங்காணையத்தை இங்குக் கொண்டுவருவதற்கு ஓரடியும் எடுத்து வைப்பதில்லை.

இந்திய நாட்டிலும் ஒரு வழக்கு நடந்தது. 'கௌன் பனேகா கரோர்பதி' என்னும் இந்தி நிகழ்ச்சி 2007ஆம் ஆண்டு பார்ப்போருக்கென ஒரு குறுஞ்செய்திப் போட்டி நடத்திற்று. ஒரு குறுஞ்செய்திக்கு 2 உருபா 40 காசு. ஏறத்தாழ 5 கோடியே 80 இலட்சம் குறுஞ்செய்திகள் வந்தன என்றும், திரண்ட தொகை 13 கோடியே 92 இலட்சம், பரிசாகக் கொடுத்ததோ 1 கோடியே 4 இலட்சம் என்றும் வழக்குத் தொடுத்தோர் கணக்குக் காட்டினர். நாடளாவிய நுகர்வோர் ஆணையம் 2008இல் ஒரு கோடி உருபா ஒறுப்புக் கட்டணம் போட்டது. உச்ச முறைமன்றம் 2019இல், போதிய சான்றில்லை என்று அதனை நீக்கியது. தீர்ப்பு தீர்ப்பே, ஏற்றாக வேண்டும். ஆனால் மக்கள் காசு செலவிட்டுச் சொல்லும் விடைக்கும் ஒப்போலைக்கும் கணக்குக் காட்டியாக வேண்டும் என்னும் நெறிமுறை முன்னரே எழுதப்பட்டிருக்குமாயின், சான்று தேடிப் பன்னிரண்டாண்டு அலைய வேண்டியிருந்திராது என்பதையும் எண்ணுதல் வேண்டும்.

கைப்பேசி ஒப்போலையின் பெருங்குற்றம் காசு மட்டுமன்று. ஒருவனே நூறு முறை செலுத்தலாம் என்பதே. இங்குத் திருவரங்கத்தை நினைவு கூர்தல் பொருந்தும். அவ்வூரில் வளர்ந்தவர் எழுத்தாளர் சுசாதா எனப்பெற்ற அரங்கராசன். தமிழ் உரைநடையில் ஆங்கிலத்தைத் தாராளமாகக் கலந்த அவர் கையைத் தனித்தமிழார் பாராட்டுவதற்கில்லை. ஆனால் அதே கை பாரத மின்னணு நிறுவனத்தில் ஒப்போலைப் பொறியை வடிவமைக்கும் பணியை மேற்பார்த்த கை. அப்பொறியின் நுட்பம் மிக எளியது. ஒருவர் ஒருமுறை அழுத்தியபின் தேர்தல் அலுவலர் தம்மிடமுள்ள கட்டுப்பாட்டுப் பெட்டியில் மீண்டும் இசைவு தந்தாலன்றி அடுத்த ஒப்போலை பதியாது. ஒருவர்க்கு ஒன்று, அதற்குமேல் எத்தனை முறை அழுத்தினாலும் பயனில்லை. இவ்வகைப் பொறி முதன்முதலாக 1982ஆம் ஆண்டு கேரளத்துப் பரவூர்த் தொகுதியில் 50 சாவடிகளில் வைக்கப்பட்டது. ஆயினும் பொறியைப் பயன்படுத்தச் சட்டத்தில் இடமில்லை என்று கூறி, 1984இல் உச்ச முறைமன்றம் அச்சாவடிகளில் மறுதேர்தல் நடத்த ஆணையிட்டது. பின்னர்ச் சட்டத்தைத் திருத்திய பிறகே பொறி உரிமை பெற்றது. ஒரு சட்டமன்றத் தொகுதிக்கு இத்துணைக் கண்டிப்பு. கோடிக்கணக்கான மக்கள் பார்க்கும் விருதுக்கோ பொறியும் இல்லை, சட்டமும் இல்லை. தொலைக்காட்சி நிறுவனத்தின் கணிப்பொறி சொல்வதே முடிவு.

தனியார் செய்வது இவ்வாறாயின் அரசு என்ன செய்தது என்று வினவுதல் இயல்பே. தமிழ்நாட்டரசு திரைப்படத்துக்குத் தருவதுபோற் சின்னத்திரைக்கும் விருது தருவதாக ஏற்பாடு உண்டு. 2009 முதல் 2013 வரையிலான ஐந்தாண்டுகளுக்குரிய சின்னத்திரை விருதுகள் 2017ஆம் ஆண்டு சூலைத் திங்களில் ஒரே மூட்டையாக அறிவிக்கப்பட்டன. அறிவித்தவை வழங்கப்பட்டதோ 2022ஆம் ஆண்டு செப்டம்பரில், சென்னைக் கலைவாணர் அரங்கத்தில். 2009இல் ஒரு தொடரில் மகளாக நடித்த பெண் 2022இல் தாயாக நடித்துக்கொண்டிருந்திருப்பாள். பதின்மூன்றாண்டு இடைவெளியில் இரு கட்சி ஆட்சிகளும் வந்துபோயின. எனவே இதனை ஒரு கட்சியின் தலையிற் கட்டிவிட்டு மற்றொன்று கை கழுவ இயலாது. அரசு உறங்கிய அவ்வாண்டுகளிலேதான் தொலைக்காட்சிகளின் குடும்ப விருதுகள் முளைத்துக் கிளைத்தன. பொதுக் களம் பூட்டிக் கிடந்தால் தனியார் முற்றத்தில் ஆட்டம் நடக்கும். இவ்விருதுகளை வழங்கும் அரசுத் துறையின் பெயரோ தமிழ் வளர்ச்சி மற்றும் செய்தித் துறை. தமிழ் வளர்ச்சி என்னும் சொல் அத்துறையின் நெற்றியிலேயே எழுதப்பட்டிருக்கிறது.

தமிழ் வளர்ச்சி! இதுகாறும் சொன்னவை எந்நாட்டு விருதுக்கும் பொருந்துவன. தமிழ்நாட்டு விருதுக்கேயுரிய வினா ஒன்று உண்டு. வேட்புப் பட்டியலில் ஒரு தொடரைச் சேர்க்குமுன், அது எம்மொழியிற் பேசுகிறது என்று எவரேனும் கேட்கின்றனரா? நடிப்பைப் பார்க்கின்றனர், உடையைப் பார்க்கின்றனர், எத்தனை பேர் பார்த்தனர் என்று பார்க்கின்றனர். மொழியை மட்டும் பார்ப்பதில்லை. விருதின் பெயர்களே 'பெசுட்டு' என்றும் 'பேவரிட்டு' என்றும் வருகையில், 'நாமினேசன்' அறிவித்து 'வோட்டிங்' திறக்கையில், உள்ளே இருக்கும் உரையாடலின் மொழியை ஆராய்வார் எவர்? இந்தியில் எடுக்கப்பெற்று வாயசைவு பொருந்தாமல் தமிழ் ஒலி பூசப்பட்ட 'சிந்து பைரவி'யும் 'நாகினி'யும் தமிழ்க் குடும்பங்களின் மாலைப் பொழுதை ஆண்டுக்கணக்கில் விழுங்கின. இந்திய அரசின் தொலைக்காட்சியோ, மலையின் பெயராகவும் தமிழின் பிறப்பிடப் பெயராகவும் விளங்கிய 'பொதிகை' என்னும் அழகிய பெயரைக் களைந்துவிட்டு 2024ஆம் ஆண்டு சனவரியில் 'டிடி தமிழ்' என்று இரண்டு ஆங்கில எழுத்துகளைச் சூடிக்கொண்டது.

இந்தி எதிர்ப்புத் தமிழர் பெரும்படை சென்னை நோக்கி நடக்கத் தொடங்கியது 1938ஆம் ஆண்டு ஆகத்து முதல் நாள், இதே உறையூரிலிருந்து. நூறு பேர், நாற்பத்திரண்டு நாள், ஊர் ஊராய் உரையாற்றியவாறு நடந்தனர். மூவலூர் இராமாமிருத அம்மையார் உடன் நடந்தார். 1964ஆம் ஆண்டு சனவரி 25ஆம் நாள் விடியலில் கீழப்பழுவூர்ச் சின்னசாமி தம் உடலுக்குத் தாமே தீயிட்டுக்கொண்டது இதே திருச்சிராப்பள்ளித் தொடர்வண்டி நிலையத்தின் முன். அந்நிலையத்துக்குக் கூப்பிடு தொலைவிலுள்ள வீடுகளில், அவர் எந்த மொழித் திணிப்பை எதிர்த்து எரிந்தாரோ அந்த மொழியின் தொடர்கள் தமிழ்ப் பூச்சுடன் ஓடின என்றால், அத்தொடர்களையும் தமிழ்த் தொடர்களோடு ஒரே பந்தியில் அமரவைக்கும் விருது நெறிமுறையை என்னென்பது?

மொழித்தகுதியை விருதின் முதல் தகுதியாக வைப்பது புதுமை என்று எவரும் மிரள வேண்டா. சிலப்பதிகாரத்தில் மாதவி பெற்ற தலைக்கோல் விருதைக் காண்க. ஐந்தாம் அகவையிற் பயிற்சி தொடங்கி, ஏழாண்டு பயின்று, பன்னிரண்டில் அவையேறினாள். அரசன் பச்சை மாலையும் ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன்னும் அளித்தான். அவள் ஆட்டத்தைச் சொல்லுமுன் இளங்கோவடிகள் ஆடலாசிரியன், இசையாசிரியன், பாட்டியற்றும் புலவன், தண்ணுமை முழக்குவோன், குழலூதுவோன், யாழிசைப்போன் ஆகிய ஒவ்வொருவர்க்கும் இன்ன இன்ன தகுதி வேண்டும் என விரித்துரைக்கிறார். அரங்கின் நீள அகலத்தைக்கூட விட்டாரில்லை. அவருள் பாட்டியற்றும் புலவனுக்கு அடிகள் வைத்த தகுதி, தமிழ் முழுவதையும் அறிந்தவனென்று தமிழகமே அறிந்திருத்தல் வேண்டும் என்பது. இன்று நெடுந்தொடருக்கு உரையாடல் எழுதுவோர்க்கு வேட்புப் பட்டியலில் இத்தகுதியின் நூற்றிலொரு பங்கேனும் கேட்கப்படுகிறதா?

திருவரங்கத்தில் தாயார் கோயில் எதிரே கம்பர் மண்டபம் நிற்கிறது. கம்பன் தன் நூலை அரங்கேற்றிய இடமென்று வழிவழியாகக் காட்டுவர். அவன் எடுத்த கதை வடநாட்டது. அக்கதையின் உட்பொருள் தமிழர்க்கு ஏற்புடைத்தன்று என்பது வேறு வழக்கு, அதற்கு இங்கு இடமில்லை. நூலை ஏற்க மறுத்தவர் பலர் அங்கிருந்தனர் என்றும், அவர்தம் தடைகளுக்கெல்லாம் விடையிறுத்தே அரங்கேற்றினான் என்றும் அக்கதை சொல்கிறது. தன் வீட்டாரை மட்டும் அமர்த்திக்கொண்டு அவன் அரங்கேற்றவில்லை. மேலும், வடசொல்லை வடவெழுத்து நீக்கி எழுதுக என்ற தொல்காப்பிய நெறிக்கு அடங்கியே இலக்குவன் என்றும் வீடணன் என்றும் எழுதினான். வடநாட்டுக் கதையை எடுத்தவனே தமிழெழுத்தின் எல்லையை மதித்தான். தமிழ்நாட்டுக் கதையை எடுப்போர்க்கு அம்மதிப்பு ஏன் இல்லை?

மொழிக்கென நெறிமுறை வைத்தால் மேற்பூச்சோடு நின்றுவிடும் என்பார் உளர். அவர் கூற்றில் உண்மை இல்லாமலில்லை. 2006ஆம் ஆண்டு தமிழ்நாட்டரசு, தமிழிற் பெயர் சூட்டிய திரைப்படங்களுக்குக் கேளிக்கை வரி விலக்கு அளித்தது. உடனே ஆங்கிலப் பெயர்கள் உதிர்ந்தன. 'சம்திங் சம்திங்' என்று தொடங்கிய படப்பெயர் 'உனக்கும் எனக்கும்' என்றாயிற்று. வாயிற்பலகை தமிழாயிற்று, உள்வீட்டுப் பேச்சு மாறவில்லை. 2011இல், உரையாடல் பெரும்பாலும் தமிழாயிருத்தல் வேண்டும் என்றும் சேர்த்தனர். பெரும்பாலும் என்பதை அளப்பவர் எவர், எவ்வாறு அளந்தார் என்பது மக்களுக்குத் தெரிவிக்கப்படவில்லை. எனவே நெறிமுறை வைத்தால் மட்டும் போதாது. அளக்கும் முறையையும் அதனுள்ளேயே எழுதிவைத்தல் வேண்டும்.

அம்முறையும் அரிதன்று. நெடுந்தொடர் ஓராண்டில் இருநூறு முந்நூறு பகுதிகள் ஓடும். அவற்றுள் மிகச் சிறந்த ஒன்றிரண்டைப் படைப்பாளரே தேர்ந்து நடுவர்க்கு அனுப்பினால், விருந்தினர் வரும் நாளில் மட்டும் வீட்டைப் பெருக்குவது போலாகும். அமெரிக்க எம்மி விருதுகளிலும் வேட்பாளரே தம் பகுதியைத் தேர்ந்து அளிப்பர். உடன்தொழில் செய்வோரே அங்குத் தேர்வர் என்பது நல்லதாயினும், 2006ஆம் ஆண்டு பதினான்கு நொடி மட்டுமே திரையில் தோன்றிய நடிகையொருவர் பெயர் வேட்புப் பட்டியலில் வந்து உலகம் நகைத்தது. பின்னரே, நூற்றுக்கு ஐந்து பங்கு நேரமேனும் தோன்றியிருத்தல் வேண்டும் என்று திருத்தினர். தமிழ்நாட்டில் அவ்வழி வேண்டா. ஆண்டின் எல்லாப் பகுதிகளின் எண்களையும் ஓலையில் எழுதிக் குடத்திலிட்டுச் சிறுவனொருவனை எடுக்கச் செய்க. அவன் எடுத்த ஐந்து பகுதிகளை நடுவர் பார்க்கட்டும். அவற்றின் உரையாடலை எழுத்தில் வாங்கித் தமிழறிஞர் இருவர் படித்து, வேற்றுச் சொல் எத்தனை, அவற்றுள் தமிழ்ச்சொல் வழக்கிலிருந்தும் புறக்கணிக்கப்பட்டவை எத்தனை என்று எண்ணி, அவ்வெண்ணிக்கையை மக்கள் அறிய வெளியிடட்டும். எந்தப் பகுதி குடத்திலிருந்து வரும் என்று தெரியாத எழுத்தாளர் எல்லாப் பகுதியிலும் தமிழெழுதக் கடவர்.

மொழிமாற்றுத் தொடர்க்குத் தமிழ்த் தொடர் விருதில் இடமே கூடாது. இந்திய அரசின் திரைப்பட விருதுகளிலேயே மொழிமாற்றுப் படங்களுக்கு இடமில்லை; அதனைப் பின்பற்றத் தயக்கமென்ன? பிறமொழியார் தமிழ்த் தொடரில் நடிப்பது குற்றமன்று. தமிழ் கற்றுத் தம் குரலில் பேசுவோரைத் தமிழர் தலைமேல் வைத்துக் கொண்டாடுவர். ஆனால் முகம் ஒருவர்க்கும் குரல் மற்றொருவர்க்குமாயின் நடிப்புக்குரிய விருது இருவர்க்கும் உரியது. இருள்சூழ்ந்த அறையில் நின்று அழுது, சிரித்து, கொஞ்சி, கடிந்து அக்கதைமாந்தர்க்கு உயிர் தந்தவர் பெயர் மேடையில் ஒலித்தல் வேண்டும்.

பெயர் முன்மொழியும் உரிமை படைப்பாளர்க்கும் தொலைக்காட்சிக்கும் மட்டுமே இருத்தலாகாது. ஊர்ப் படிப்பகமும் பள்ளியும் மகளிர் குழுவும் முன்மொழியலாம் என்றால், விண்ணப்பிக்கத் தெரியாத சிறு படைப்பாளரின் நல்ல தொடரும் குடத்துக்குள் வரும். நடுவராய் அமர்வோர், முன் மூன்றாண்டுகளில் எந்தத் தொலைக்காட்சியிடமும் ஊதியம் பெற்றிருக்கலாகாது. அவர் உறவினரும் அவ்வாறே. உறவினர் எவரெவர் என்று புதிதாக எழுத வேண்டுவதில்லை. உத்திரமேரூர்ச் சுவரிலிருந்து படியெடுத்தாற் போதும், அத்தையும் சிற்றன்னையும் உடன்பிறந்தாளும் வேண்டுமாயின் சேர்த்துக்கொள்க, அக்காலத்தார் பெண்டிரை எண்ணாது விட்டனர். ஓராண்டின் விருது அடுத்த தமிழர் திருநாளுக்குள் வழங்கப்படாவிடின், காலந்தாழ்த்தியவர் பெயரையும் வெளியிட்டாக வேண்டும்.

நடுவர் சென்னையில் அமர வேண்டா. தொலைக்காட்சிகளின் அலுவலகமும் படப்பிடிப்பு அரங்கும் விருந்தும் நட்பும் எல்லாம் அங்கு. தலைநகரையே திருச்சிராப்பள்ளிக்கு மாற்ற 1983இல் அன்றைய முதல்வர் எம்.சி.இராமச்சந்திரன் எண்ணினார், அது நடவாது போயிற்று. நடுவர் அவையையேனும் தமிழ்நாட்டின் நடுவிலுள்ள அந்நகருக்குக் கொண்டுவருதல் எளிது. பாவேந்தர் பெயர் தாங்கிய பல்கலைக்கழகம் அங்கு உண்டு, உறையூர் உண்டு.

தனியார் தொலைக்காட்சிகள் தம் பணத்தில் தம் மேடையில் செய்வதைக் கேட்க எவருக்கு உரிமை என்று ஒரு குரல் எழும். வானலை பொதுமக்களின் உடைமை என்று 1995ஆம் ஆண்டிலேயே உச்ச முறைமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. பொதுவுடைமையின்மேல் ஏறி நின்று ஒப்போலை கேட்போர் கணக்குக் காட்டக் கடமைப்பட்டோரே. எண்ணிக்கையை வெளியிட விருப்பமில்லாத தொலைக்காட்சி ஒப்போலையே திரட்டாமல் தன் குடும்ப விழாவைக் குடும்ப விழாவாகவே நடத்திக்கொள்ளட்டும். அதனை எவரும் தடுக்கப்போவதில்லை. ஒப்போலை திரட்டுவதாயின் ஒரு கைப்பேசி எண்ணுக்கு ஒன்று, கட்டணமில்லை, ஒவ்வொருவர்க்கும் வந்த எண்ணிக்கை விழா நாளிலேயே திரையில் என்னும் மூன்றையும் அரசு கட்டாயமாக்குதல் வேண்டும்.

திருச்சிராப்பள்ளியிலும் திருவரங்கத்திலும் உள்ள தமிழ் நெஞ்சத்தார் இதற்கெனத் தெருவில் இறங்கும் காலம் இன்னும் வரவில்லை. எழுதுகோல் எடுத்தாற் போதும். வீட்டில் ஓடும் நெடுந்தொடர் ஒன்றை ஒரு திங்கள் தொடர்ந்து பார்த்து, நாள் குறித்து, ஒவ்வொரு பகுதியிலும் வந்த வேற்றுச்சொற்களை எண்ணி, அவற்றுக்குரிய தமிழ்ச்சொற்களை எதிரே எழுதி, சென்னைத் தலைமைச் செயலகத்திலுள்ள தமிழ் வளர்ச்சி மற்றும் செய்தித் துறைக்கு ஒரு படியும், அத்தொலைக்காட்சிக்கு ஒரு படியுமாக அனுப்புதல் வேண்டும். ஒரு தெருவுக்கு ஒரு தொடரெனப் பங்கிட்டுக்கொண்டால் ஒருவர்க்கும் சுமையாகாது.